சிமெண்ட் பெஞ்சில் கறை: ஆசிட் பாட்டிலை எடுப்பதற்கு முன்

இந்தக் குறிப்பை எழுதக் காரணம், தருவைகுளத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கிடந்த ஒரு சிமெண்ட் பெஞ்ச். இரண்டு கால், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், பலகையின் கனம் மூன்று அங்குலம். 1994 கோடையில் அப்பாவும் அவருடைய கொத்தனார் நண்பர் ஒருவரும் சேர்ந்து வாசலிலேயே வார்த்தது. ஈரம் இறுகுவதற்குள் அப்பா ஓர் ஆணியை எடுத்து ஓரத்தில் வருஷத்தைக் கீறினார். அதற்குக் கீழே என் பெயரின் முதல் எழுத்து, தங்கை பெயரின் முதல் எழுத்து.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அம்மா காலையில் காப்பி குடிப்பது, மீன் வாங்கி வந்து கூடையை இறக்கி வைப்பது, சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருப்பது எல்லாம் அந்த பெஞ்சில்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது பெஞ்ச் பார்க்கவே சகிக்கவில்லை. மேலெல்லாம் கருப்பு. நடுவில் எண்ணெய் வட்டங்கள். வாதாங்கொட்டை மரத்து இலை விழுந்து ஊறிய பழுப்புத் தடங்கள். கால்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு. பலகையின் அடி ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. விருந்தாட்கள் வருவதற்குள் சுத்தம் செய்துவிடலாம் என்று கடையில் போய் ஒரு லிட்டர் ஆசிட் வாங்கிவந்து, கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊற்றினேன். ஜோராக நுரைத்தது. வேலை நடக்கிறது என்று ஒரு திருப்தி.

கழுவிப் பார்த்தால் கருப்பு போயிருந்தது. கூடவே மேற்பூச்சும் போயிருந்தது. கையை வைத்தால் மணல் நறநறவென்று தட்டியது. எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தது. அப்பா கீறிய '1994' மங்கி, கீழே இருந்த இரண்டு எழுத்துகளும் காணாமல் போயிருந்தன. அம்மா ஒன்றும் திட்டவில்லை. "எய்யா, கறையைப் போக்குதேன்னு பெஞ்சைப் போக்கிட்டியே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வரிசைப்படி முதலில் படித்துவிட்டு அப்புறம் ஊற்றியிருக்க வேண்டும்.

நுரைத்தது எது?

நாங்கள் முத்துக்குளித்துறையைச் சேர்ந்தவர்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். நான் அதைப் பார்த்ததில்லை, ஆனால் சிப்பி ஓடு எங்கள் கடற்கரையில் எங்கும் கிடக்கும். ஓர் ஓட்டை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்கள், சுர்ரென்று நுரைக்கும். அழுக்கு ஓடாக இருந்தாலும் கழுவிய ஓடாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் நுரைக்கும். கரைவது அழுக்கு அல்ல, ஓடு. சிப்பி ஓடும் முத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வெளியேறும். அதுதான் அந்த நுரை.

சிமெண்டும் இதற்கு நெருங்கிய சொந்தம். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது இரண்டு முக்கியமான பொருட்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிடித்து நிறுத்தும் கால்சியம் சிலிகேட் பசை. இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பு வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிக் கால்சியம் கார்பனேட்டாக மாறிக்கொண்டே போகும். ஆக, பழைய சிமெண்ட் பெஞ்சின் மேல்தோல் கிட்டத்தட்ட சிப்பி ஓடு மாதிரி. ஆசிட் ஊற்றினால் கறை போவதுபோலத் தெரிவது, கறை ஒட்டியிருந்த தோலே உரிந்து போவதால்தான். சட்டையில் கறை என்று அந்த இடத்தைக் கத்தரித்து எடுத்ததுபோல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டரில் சுமார் 345 கிராம் அமிலம் இருக்கிறது. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் அமிலம் போதும். அப்படியானால் ஒரு லிட்டர், கிட்டத்தட்ட 470 கிராம் கார்பனேட்டைக் கரைக்கும். ஏறக்குறைய அரைக் கிலோ பெஞ்ச்.

இதைவிட முக்கியம், கரைந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பது. மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. அது தண்ணீரில் நன்றாகக் கரையும். கழுவும்போது ஒரு பகுதி ஓடிவிடும், ஒரு பகுதி நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கும். அந்த ஒரு லிட்டரில் இருந்த குளோரைடு சுமார் 335 கிராம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் ஆசிட்டில் இருக்கும் குளோரைடு, பதினேழு லிட்டர் கடல் தண்ணீரில் இருப்பதற்குச் சமம். கடற்கரையில் முப்பது வருஷம் உப்புக்காற்றைத் தாங்கிய பெஞ்சுக்கு, கழுவுகிறேன் என்று நானே கடலை அள்ளி ஊற்றியிருக்கிறேன். குளோரைடு ஏன் ஆபத்து என்பதைக் கம்பியைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

கறை எங்கே இருக்கிறது?

எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் தேடினேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, கறை எங்கே இருக்கிறது என்பது. மூன்று இடங்கள்தான் உண்டு: மேலே படிந்தது, உள்ளே ஊறியது, உள்ளிருந்து வருவது. முதல் இரண்டும் கறை. மூன்றாவது கறையே இல்லை, நோயின் அறிகுறி. எங்கள் பெஞ்சில் மூன்றும் இருந்தன. நான் மூன்றுக்கும் ஒரே மருந்தை ஊற்றினேன்.

மேலே படிந்தவை: பாசியும் உப்பும்

பெஞ்ச் மேலிருந்த கருப்பு, பெரும்பாலும் அழுக்கே அல்ல. அது உயிருள்ள பாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சையாகத் தழைத்து, வெயில் வந்ததும் கருப்பாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். செத்ததுபோலத் தெரியும், அடுத்த மழையில் திரும்பவும் எழுந்துகொள்ளும். சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது, கொல்ல வேண்டும்.

இதற்கு ப்ளீச்சிங் பவுடர் போதும். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் எடுத்து, முதலில் நல்ல தண்ணீரால் நனைத்த பெஞ்சின்மேல் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுவிட்டுத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். முன்னால் நனைப்பது எதற்கென்றால், துளைகள் ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தால் மருந்தைக் குறைவாகக் குடிக்கும். ப்ளீச்சிலும் குளோரைடு மிஞ்சும் என்பதால் மூன்று நான்கு முறையாவது கழுவ வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் தொடவே தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், ஆளையே கொல்லும். இரண்டாவது, இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உடையும் பொடிக்கம்பிகள் சிமெண்ட் துளைகளில் மாட்டிக்கொண்டு, அடுத்த மழையில் ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளியாகும். ஒரு கறையை எடுக்கப் போய் நூறு கறையை விதைத்த கதைதான்.

அடுத்தது கால்களில் இருந்த வெள்ளை. ஊரில் 'உப்பு பூத்திருக்கு' என்பார்கள். சரியான வார்த்தை, உண்மையிலேயே அது உள்ளே இருந்து பூப்பதுதான். மண்ணின் ஈரம் காலின் வழியாக மேலேறி, வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகி, அதில் கரைந்திருந்தது மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களில் பாத்தியில் நடப்பதும் இதேதான். பெஞ்சின் கால் ஒரு சின்ன உப்பளம்.

வெள்ளை இரண்டு வகை. கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் மண்ணிலிருந்து வந்த உப்பு. கரையாமல், வினிகர் விட்டால் நுரைத்தால், அது சிமெண்டின் சொந்தச் சுண்ணாம்பு வெளியே வந்து கார்பனேட்டாக உறைந்தது. (அம்மா என்னைக் காத்திருக்க விடவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புதாம்" என்று முடித்துவிட்டாள். இந்த முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.)

கரையும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளே போய், அடுத்த வெயிலில் மறுபடியும் பூக்கும். காய்ந்த நிலையில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளி எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஈரம் ஏறும் வழியை அடைக்க வேண்டும். காலுக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் தாளோ கருங்கல் துண்டோ கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உள்ளே ஊறியவை: பற்றுப் போடுதல்

அம்மா மீன் கூடை வைக்கும் இடத்தில் மீன் நெய் ஊறியிருந்தது. ஒரு மூலையில் அப்பா காலத்துப் படகு எஞ்சினின் ஆயில். எண்ணெய்க்கு ஆசிட் ஒன்றும் செய்யாது என்பதை முன்னாலேயே பார்த்தோம். மேலே சோப்புப் போட்டுத் தேய்த்தாலும், துளைக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் எண்ணெய்க்கு அது எட்டாது. இறங்கியதை மேலே இழுத்தாக வேண்டும்.

இதற்கு உலகம் முழுக்கக் கல் பராமரிப்பவர்கள் செய்யும் முறை, நம் பாட்டிகள் கட்டிக்கும் வீக்கத்துக்கும் செய்ததேதான்: பற்றுப் போடுவது. கறையைக் கரைக்கும் திரவத்தை ஓர் உறிஞ்சும் பொடியில் குழைத்து அப்ப வேண்டும். திரவம் உள்ளே போய்க் கறையைக் கரைக்கிறது. பிறகு பற்று மேலிருந்து காயும்போது, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, கரைந்த கறையோடு திரவத்தை வெளியே இழுத்துக்கொள்கிறது. பொடிக்கு முல்தானி மட்டியே போதும். ஒரு காலத்தில் கம்பளித் துணியிலிருந்து எண்ணெய்ப் பசையை எடுக்க இந்த வகை மண்ணைத்தான் உபயோகித்தார்கள்.

எண்ணெய்க்குச் செய்தது: வாஷிங் சோடாவைச் சூடான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, முல்தானி மட்டியில் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, அரை அங்குல கனத்துக்கு அப்பினேன். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள். பிறகு தாளை எடுத்துவிட்டு நன்றாகக் காயும்வரை இன்னொரு நாள். காய்ந்ததும் மரக்கரண்டியால் பெயர்த்தால் மண்ணின் அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு பெஞ்சிலிருந்து வந்தது. மூன்று தடவை போட்டதில் மீன் நெய் கிட்டத்தட்டப் போய்விட்டது. எஞ்சின் ஆயில் பாதிதான் மங்கியது. முப்பது வருஷக் கறை பாதி மங்கினாலே லாபம்.

வாதாங்கொட்டை இலைத் தடம் வேறு கதை. அந்த இலையில் துவர்ப்பு, அதாவது டானின், நிறைய. நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூல் வலைகள் மக்கிப்போகாமல் இருக்க மரப்பட்டைத் துவரில் ஊறவைப்பார்கள். அதே சரக்குதான் இங்கே பெஞ்சுக்குச் சாயம் போட்டிருக்கிறது. தனியாக இருந்தால் பழுப்பு. இரும்போடு சேர்ந்தால் கருப்பு மையாகிவிடும். பழைய காலத்து எழுதும் மையில் ஒரு வகை இப்படித்தான் செய்யப்பட்டது. பழுப்புத் தடம் பெரும்பாலும் வெயிலிலேயே வெளுக்கும். அவசரம் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவலாம். வேலை முடிந்ததும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும், உப்பு மிஞ்சாது. கடற்கரைக்கு ப்ளீச்சைவிட இது நல்லது.

மூன்றாவது, மேலிருந்து ஊறிய துரு. பெஞ்சின்மேல் இரும்பு வாளி, ஆணி டப்பா, பூந்தொட்டி ஸ்டாண்ட் ஏதாவது வைத்திருந்தால் அதே வடிவத்தில் பழுப்பு இருக்கும். துருவுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. மொசைக் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருப்பார்கள். துருவைக் கரைக்கும், உண்மை. ஆனால் விஷம், சிமெண்டையும் கொஞ்சம் தின்னும்.

நிதானமான வழி சோடியம் சிட்ரேட். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 100 கிராம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுமார் 120 கிராம் போனதும் நுரை அடங்கும். அடங்கினால் அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மொத்தத்தில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஆறு பங்கு தண்ணீர் என்று வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, சீக்கிரம் காயாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, முல்தானி மட்டிக்குப் பதில் வெள்ளைச் சாக்குப் பொடியில் குழைத்துப் பற்றுப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு எடுத்து, தேவையென்றால் திரும்பவும் போடலாம். சிட்ரேட் இரும்பைக் கவ்விப் பிடித்து வெளியே கொண்டுவரும், சிமெண்டைத் தின்னாது. எதைச் செய்தாலும் முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் உள்ளங்கையளவு செய்து பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் அப்பாவின் எழுத்து இன்றைக்கு இருந்திருக்கும்.

உள்ளிருந்து வருவது

இனிதான் அந்தச் செம்பழுப்புக் கோடு. பலகையின் அடி ஓரத்தில், நீளவாக்கில், ஓரத்துக்கு இணையாக இருந்தது. மேலே எந்த இரும்பும் அந்த வடிவத்தில் வைக்கப்பட்டதில்லை. தரையில் படுத்து மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தபோது அது கறையல்ல, முடிக்கற்றை கனத்துக்கு ஒரு வெடிப்பு என்று தெரிந்தது. துரு அதன் வழியாக வழிந்துகொண்டிருந்தது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீர் என்றது. கோட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்றது.

கொஞ்சம் வரலாறு. இரும்பை உள்ளே வைத்து சிமெண்டை வார்க்கலாம் என்ற யோசனை பாலத்துக்காகவோ மாடிவீட்டுக்காகவோ வந்ததல்ல. 1848-ல் லாம்போ என்ற பிரெஞ்சுக்காரர் கம்பிவலைமேல் சிமெண்ட் பூசி ஒரு படகு செய்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1867-ல் ஜோசப் மோனியே காப்புரிமை வாங்கினார். அவர் ஒரு தோட்டக்காரர். காப்புரிமை எதற்கு? இரும்புக் கம்பி வைத்த சிமெண்ட் செடித்தொட்டிகளுக்கு. இன்றைக்கு நாம் ஆர்.சி.சி. என்று சொல்வதன் மூதாதைகள் ஒரு படகும் ஒரு பூந்தொட்டியும். மீன்பிடிக் கிராமத்து முற்றத்தில் கிடக்கும் பெஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான வம்சாவளி கிடைக்காது.

இரும்பு சிமெண்டுக்குள் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்தச் சுண்ணாம்புதான். அதன் காரத்தன்மையில், பி.எச். 12-க்கு மேல், இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிக் காக்கும். இரண்டு விஷயங்கள் அதைக் கெடுக்கும். ஒன்று, காற்றின் கார்பன் டை ஆக்சைடு கம்பிவரை இறங்கிக் காரத்தைத் தீர்ப்பது. இன்னொன்று குளோரைடு. காரம் முழுசாக இருந்தாலும் குளோரைடு போதுமான அளவு சேர்ந்தால் படலத்தில் ஓட்டை போட்டுவிடும். துருப்பிடித்த இரும்பு, பழைய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் கிடையாது, அதனால் சிமெண்டைப் பிளக்கிறது. பிளந்த வழியாக இன்னும் உப்பும் ஈரமும் போகும். கோடு வெளியே தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பள்ளிக்கூட லேபில் பார்த்த பினால்ப்தலீன். வெடிப்பு ஓரத்தில் பெயர்ந்து வந்த துண்டைத் தட்டி எடுத்து, உடைந்த புது முகத்தில் சில சொட்டு விட்டேன். வெளி ஓரத்தில் நிறம் வரவில்லை. உள்ளே, கம்பி பதிந்திருந்த தடம்வரை, அடர் இளஞ்சிவப்பு. அதாவது கம்பியைச் சுற்றிக் காரம் நன்றாகவே இருந்தது. இருந்தும் கம்பி துருப்பிடித்திருந்தது. அப்படியானால் குற்றவாளி உப்பு.

இந்த உப்பு எப்போது வந்தது? அம்மாவிடம் கேட்டேன். "நல்ல தண்ணி அப்போ குடத்துக்குக் காசு. அதையா கலவைக்கு ஊத்துவாக? கெணத்துத் தண்ணிதாம். மணலு கடக்கரையில அள்ளுனது." முடிந்தது கதை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. எங்கள் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கும் வாயில் வைக்க முடியாது. அதே விதி, கடற்கரைச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. எங்கள் பலகையின் மொத்தக் கனமே 75 மில்லிமீட்டர். அடியிலிருந்து 45 விட்டுக் கம்பி போட்டால் அது பலகையின் பாதிக்கு மேலே போய்விடும். ஆள் உட்காரும்போது இழுபடுவது அடிப்பக்கம், அங்கே கம்பி இல்லாமல் பிரயோஜனமில்லை. அதாவது கடற்கரையில் இந்த மாதிரி மெல்லிய பெஞ்சை விதிப்படி வார்க்கவே முடியாது. அப்பா தப்பு ஒன்றும் செய்யவில்லை. கையில் இருந்ததை வைத்து முப்பது வருஷம் உட்காரவைத்திருக்கிறார்.

சரி, பூசி அடைத்துவிடலாமா? ஊரில் வழக்கமாக நடப்பது அதுதான்: வெடிப்பில் சிமெண்ட் பால் ஊற்றி, மேலே எனாமல் பெயிண்ட். பார்க்கப் புதுசாக இருக்கும். உள்ளே துரு நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பு ஊறிய கான்கிரீட்டில் ஓர் இடத்தை மட்டும் பெயர்த்துப் புதுக்கலவை வைத்தால், அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழைய பகுதியில் துரு வேகம் பிடிக்கும். இதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம், அறியாமலேயே பக்கத்துக் கம்பிக்குக் காவலாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் அடுத்தது பலியாகும். இரும்பு அரிப்பு மின்வேதியியல் சமாச்சாரம். இதற்கென்றே காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (ஊரில் சிக்ரி) இருக்கிறது. தூத்துக்குடியிலும் அதற்குக் கடல்சார் ஆய்வு மையம் உண்டு. கம்பிகளை வார்ப்பதற்கு முன்பே பூசும் சிமெண்ட், பாலிமர் கலவைகள் அவர்கள் உருவாக்கியவை. கவனியுங்கள், வார்ப்பதற்கு முன்பே. வார்த்தபின் செய்யக்கூடியவை எல்லாம் ஒரு பெஞ்சுக்குக் கட்டுப்படியாகாதவை.

என் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லாகில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், காரணத்தைத் தேடாமல் எச்சரிக்கை வராதபடி செய்துவிடுவோம். திரை சுத்தமாக இருக்கும். நான் பெஞ்சுக்கு ஆசிட் ஊற்றியது அதைத்தான் செய்தது. அந்தக் கோடும் அன்றைக்கு அழிந்துதான் போனது. அடுத்த மாதம் திரும்ப வந்ததால்தான் கீழே படுத்துப் பார்த்தேன். வராமல் இருந்திருந்தால், மேலே வெள்ளையாகவும் அடியில் கம்பி தேய்ந்தும் கிடக்கும் பெஞ்சில் அம்மா தினமும் உட்கார்ந்துகொண்டிருப்பாள்.

பெஞ்ச் என்ன ஆனது

கொத்தனாரைக் கூப்பிட்டுப் பலகையை இறக்கினோம். அடியில் நான்கு கம்பிகள். இரண்டு பரவாயில்லை. மூன்றாவது பென்சில் முனையாகத் தேய்ந்திருந்தது. நான்காவது ஓரிடத்தில் துண்டாகவே போயிருந்தது. கொத்தனார் அண்ணே பார்த்துவிட்டு, "கனத்த ஆள் ரெண்டு பேரு சேந்து உக்காந்திருந்தா சோலி முடிஞ்சிருக்கும்" என்றார்.

கால்களில் கம்பி இல்லை, வெறும் கல்லும் கலவையும்தான், நன்றாக இருந்தன. அவற்றின்மேல் இப்போது ஒரு கருங்கல் பலகை. துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. பழைய பலகையைத் தூக்கிப் போட அம்மா விடவில்லை. வாசலில் மணலைச் சமன்செய்து, முழுப் பலகையும் தரையில் படியும்படி பதித்துவிட்டோம். நடுவில் அந்தரத்தில் நிற்காத பலகைக்குக் கம்பி தேவையில்லை. இனி கம்பி எப்படிப் போனாலும் யாரும் விழப்போவதில்லை. எஞ்சின் ஆயில் வட்டம் அதில் இன்னும் இருக்கிறது. அதற்கு மேற்கொண்டு பற்றுப் போடவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முதலில் கீழே குனிந்து பாருங்கள். ஓரத்துக்கு இணையான பழுப்புக் கோடு, வெடிப்பு, தட்டினால் பொத்தென்ற சத்தம் இருந்தால் கழுவுவதை நிறுத்துங்கள். அதில் யாரும் உட்கார வேண்டாம்.
2. பாசிக்கு ப்ளீச், நனைத்த பின். உப்புக்குக் காய்ந்த பிரஷ். எண்ணெய்க்கும் மேல்துருவுக்கும் பற்று. இலைக்கறைக்கு வெயில்.
3. இரும்பு பிரஷ் வேண்டாம். ப்ளீச்சும் ஆசிட்டும் சேர வேண்டாம்.
4. ஆசிட்டே வேண்டாம். கடற்கரை வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.
5. பெஞ்சில் யாராவது ஏதாவது எழுதியிருந்தால், எதையும் ஊற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் பதித்த பலகையில், காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் '1994' தெரிகிறது. கடைசி 4 கொஞ்சம் தெளிவு, மற்றவை நிழல் மாதிரி. என் எழுத்தும் தங்கை எழுத்தும் எந்த வெளிச்சத்திலும் தெரியவில்லை. திரும்பக் கீறலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது ஒங்கப்பா கையி. நீ கீறுனா ஒன் கையில்லா" என்றாள். விட்டுவிட்டேன்.